மூணாறு குளிருக்கு ஃபெஸ்க்யூ புல்தரை தாங்குமா?

போடியிலிருந்து மூணாறுக்குக் குடி வந்திருக்கிறோம், வீட்டு முன்னால் டால் ஃபெஸ்க்யூ விதைத்தால் குளிரில் கருகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விதையுங்கள். எங்கள் வாசலில் ஐந்து வருஷமாக நிற்கிறது. 15 முதல் 24 டிகிரிக்குள்தான் இந்தப் புல்லுக்குச் சுகமே. ஜனவரியில் செண்டுவரைப் பக்கம் உறைபனி விழுகிற மாதிரி உங்கள் வாசலிலும் விழுந்தால், வெயில் ஏறும்வரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே அதைக் கெடுப்பது மழையும் புளித்த மண்ணும்தான்.

தேயிலைக்கு மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் கொண்டாட்டம். ஃபெஸ்க்யூவுக்கு 6-ஐ ஒட்டி வேண்டும். உங்கள் மனை பழைய தேயிலைக் காடாக இருந்தால் மண்ணைக் கட்டாயம் சோதித்துவிடுங்கள். சோதித்தவர்கள் சொல்லும் அளவு டோலமைட்டை (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்), விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே கொத்திக் கலந்துவிடுங்கள்.

விதையில் கஞ்சத்தனம் வேண்டாம். இது அருகம்புல் மாதிரி கொடி ஓடாது. நெல்லைப் போல நின்ற இடத்திலேயே தூர் கட்டும். சொட்டை விழுந்த இடம் தானாக மூடாது, மறுபடி விதைத்தால்தான் உண்டு. 100 சதுர அடிக்கு 300 முதல் 350 கிராம் தூவி, கால் அங்குலம் மண் மூடி, அமுக்கிவிடுங்கள். செப்டம்பரில் மழை சற்று ஓயும் நாட்கள் தோது. ஜூனில் விதைத்தால் விதை சரிவோடு ஓடைக்குப் போய்விடும். சரிவான வாசல் என்றால் ஈரச் சணல் சாக்கு விரித்து, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

வெட்டும் உயரத்தை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருஷம் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒன்றரை அங்குலத்துக்கு ஒட்ட வெட்டினேன், யூரியாவும் போட்டேன். அடைமழை பிடித்ததும் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டு விழுந்தது. காலையில் குனிந்து பார்த்தால் இலைமேல் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. இலையில் விழுந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிலும் கரும்பழுப்புக் கரை. பாதித் தரை போய்விட்டது. இப்போது மூன்று அங்குலத்துக்குக் கீழே பிளேடை இறக்குவதில்லை, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை, மழைக்காலத்தில் யூரியாவைத் தொடுவதும் இல்லை. இலை நீளமாக இருந்தால்தான் வேரும் ஆழம் போகும். இரண்டு மூன்றடி வரை இறங்கக்கூடிய வேர் அது. மார்ச் மாத வறட்சியில் அந்த ஆழம்தான் கைகொடுக்கிறது.

இன்னொன்று, மாடு இருக்கும் வீடுகளுக்கு. பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா, "தம்பி, வெட்டின புல்லை எங்க மாட்டுக்குக் குடுப்பா, சினை மாடு" என்று கூடையோடு வந்தார். கொடுக்கவில்லை. டால் ஃபெஸ்க்யூவில் பல ரகங்களுக்குள் எண்டோஃபைட் என்ற பூஞ்சை வாழ்கிறது. பூச்சி அண்டாமல் இருக்க அது புல்லுக்கு உதவுகிறது, அதனால் புல்தரை விதைகளில் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். 1931-ல் கென்டக்கியில் ஒரு மலைச்சரிவில் கண்டெடுத்து 1943-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கென்டக்கி 31 ரகத்திலும் இது உண்டு. அதைத் தின்ற மாட்டுக்கு ரத்தக் குழாய் சுருங்கும், பால் குறையும். குளிர் நாட்களில் குளம்பும் வால் நுனியும் அழுகிப்போவதும் உண்டு. நம் ஊர்க் குளிருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். அக்காவிடம் இதைச் சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நல்லவேளை கேட்டேன் என்றார்.

விதை வாங்கும்போதே எண்டோஃபைட் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய புல்லில் கொஞ்சத்தைத் தரையிலேயே விடுகிறேன், மீதி எங்கள் சௌசௌ பந்தலடிக்குப் போகிறது.