அண்ணனுக்கு பழசு, எனக்கு புதுசு

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவின்னா உயிர். 1987ல வந்த 'நெவர் லெட் மீ டவுன்' ஆல்பத்தை, அவர் இறந்தப்புறம் 2018ல குரலை மட்டும் வச்சுக்கிட்டு ட்ரம்ஸ், கிட்டாரெல்லாம் புதுசா வாசிச்சு விட்டாங்கல்ல, எனக்கு அதான் பிடிக்குது. "செத்தவர் வேலையில கை வைக்க இவனுங்க யாரு"ன்னு அண்ணன் எகிறுறாரு. சாப்பிடும்போது கூட இதே சண்டை. அவர் வாயை எப்படி அடைக்கிறது?

பதில்: தம்பி, அடைக்க முடியாது, ஏன்னா அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. முதல்ல உங்க கையில இருக்கிற துருப்புச்சீட்டை சொல்லிடறேன். 2008ல போவி உயிரோட இருக்கும்போதே அதுல இருந்து 'டைம் வில் க்ரால்' பாட்டை மட்டும் சவுண்ட் இன்ஜினியர் மரியோ மெக்நல்ட்டிகிட்ட குடுத்து மாத்த சொன்னாரு, மிச்ச பாட்டையும் இப்படி திரும்ப பண்ணணும்னு ஆசையையும் சொல்லி வச்சாரு, அதே மெக்நல்ட்டிதான் 2018லயும் தயாரிப்பாளர். அதோட 'டூ டிஸ்ஸி'ன்னு ஒரு பாட்டு தனக்கே பிடிக்கலன்னு 1995 மறுவெளியீட்டுல இருந்தே அவர் தூக்கிட்டாரு. அதனால "அவர் பண்ணத அப்படியே விடணும்"னு அண்ணன் சொன்னா, போவியே அப்படி விடலயேன்னு கேளுங்க.

ஆனா அண்ணன் திருப்பி ஒண்ணு கேப்பாரு பாருங்க. 2008க்கு அப்புறம் அவருக்கு ஏழெட்டு வருஷம் இருந்துச்சு, அதுல 2013ல ஒரு புது ஆல்பம், 2016 ஜனவரியில சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி 'ப்ளாக்ஸ்டார்'னு கடைசி ஆல்பம், ஆனா இந்த பழைய ஆல்பத்து பக்கம் திரும்பி வரல. ஆசை வேற, உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் இது வேணும் அது வேணாம்னு முடிவு பண்றது வேற இல்லயா. 'ஷைனிங் ஸ்டார்' பாட்டுல நடுவுல நடிகர் மிக்கி ரூர்க் பேசுவாரே, 2018ல அந்த இடத்துல பாடகி லாரி ஆண்டர்சன் குரல். கேக்க நல்லாத்தான் இருக்கு (ரூர்க் பேசினது எனக்கு எப்பவுமே சகிக்காது), ஆனா ரூர்க்கை கூப்பிட்டது போவி, மாத்தினது அவர் இல்ல.

அதனால ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து 'டைம் வில் க்ரால்' மட்டும் கேளுங்க, 1987ல வந்தது ஒரு தடவ, 2008ல வந்தது ஒரு தடவ. செர்னோபில் அணு உலை வெடிச்சப்போ அவர் சுவிட்சர்லாந்துல இருந்தாரு, அந்த பயத்துல பிறந்த பாட்டு அது, ஆனா பழசுல எண்பதுகளோட அந்த டம் டம்னு எதிரொலிக்கிற ட்ரம்ஸ் பயத்தையே மூடிடுது. 2008ல ஸ்டெர்லிங் காம்ப்பெல் புதுசா வாசிச்ச ட்ரம்ஸ், கூட வயலின் கூட்டம், குரல் சட்டுனு முன்னாடி வந்து நிக்குது. போவி இருந்து ஓகே பண்ணது இது ஒண்ணுதான், அதனால இதுதான் அளவுகோல். 2018ல எந்த பாட்டு இதுக்கு பக்கத்துல நிக்குதோ அத நீங்க ஜெயிச்சதா வச்சுக்கோங்க, எது ரொம்ப தள்ளி போகுதோ அது அண்ணனுக்கு.

என் கட்சி கேட்டா, கேக்க புதுசு, ஆனா அத மெக்நல்ட்டி ஆல்பம்னுதான் சொல்வேன். 2018ல இந்த புதுசு வந்த பாக்ஸ் செட்லயே (பல ஆல்பத்தை ஒண்ணா சேர்த்த தொகுப்பு) 1987 ஆல்பமும் கூடவே இருக்கு, யாரும் அத அழிக்கல, இத அண்ணன்கிட்ட முதல்ல சொல்லுங்க, பாதி கோபம் அங்கயே இறங்கிடும். அப்புறம் "இதான் ஒரிஜினல்"ங்கற வார்த்தை மட்டும் சாப்பாட்டு மேஜையில வேணாம்.