23 என்ற எண்ணுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: டோஹாவிலிருந்து வந்த மச்சான், 23 என்று பெரிதாக எழுதிய ரம் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். கோலா கலக்காமல் மெல்ல மெல்லக் குடிப்பதாம். கறுப்பாக இருக்கிறது, பாணி போல இனிக்கிறது. விலையும் அதிகம். அடுத்த முறையும் இதையே கொண்டுவரச் சொல்லலாமா?
- வாசகர், கல்லடி

பதில்: அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்த 23-க்குப் பக்கத்தில் வருடம் என்று இருக்கிறதா, சொலேரா என்று இருக்கிறதா பாருங்கள். ஜமைக்கா, பார்படோஸ் ரம்மில் 12 வருடம் என்றால், கலந்தவற்றில் ஆகப் புதியதே 12 வருடம் பீப்பாவில் கிடந்தது. சொலேரா என்பது பழையதோடு புதியதைச் சேர்த்துக்கொண்டே போவது. குவாத்தமாலாவின் ஸகாபா 23-இல் 6 வருட ரம்மும் இருக்கிறது. தயாரிப்பவர்களே அதைச் சொல்கிறார்கள். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் 23 வருடத்துக்கான விலையை நான் கொடுக்கமாட்டேன்.

நிறத்தை விடுங்கள். கருக்கிய சீனி சேர்த்தால் எந்த ரம்மும் ஒரே நாளில் கறுக்கும்.

இனிப்புத்தான் விஷயம். ஹிங்குராணைப் பக்கம் கரும்பு லொறிக்குப் பின்னால் போய்ப் பழகிய நமக்கு, ரம் இனிக்கத்தான் வேண்டும் என்று ஒரு நினைப்பு. கரும்புப் பாகைப் புளிக்கவைத்து வடித்த பிறகு அதில் சீனி மிஞ்சாது. பாணி போல இனித்தால், அநேகமாகப் பிறகு சேர்த்ததுதான். ஐரோப்பாவில் 2021 முதல் லீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் சேர்க்க முடியாது. வீட்டிலேயே பார்க்கலாம்: அரைத் தேக்கரண்டி ரம்மை வெள்ளைச் சோசரில் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் விரலில் பிசுபிசுத்தால் சீனி. எறும்பு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, ருசி பார்ப்பது எப்படி? வாய் ஒடுங்கிய சின்னக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஐஸ் வேண்டாம். மூக்கை உள்ளே விட்டால் அல்கஹோல்தான் குத்தும். விளிம்புக்குச் சற்று மேலே வைத்து மணந்து பாருங்கள். முதல் மிடறைக் கணக்கெடுக்காதீர்கள், நாக்கு அதற்குப் பழகவேண்டும். இரண்டாவதை விழுங்கிய பின் மரமும் காய்ந்த பழமும் தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கின்றன? இனித்துவிட்டு உடனே காணாமல் போனால், போத்தலின் வடிவுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். நல்லது என்றால் வெறுங்கிளாஸ்கூட மறுநாள் மணக்கும்.

வயது கூடக்கூட நல்லது என்றும் இல்லை. வெப்ப நாடுகளில் பீப்பா ரம் வேகமாக ஆவியாகி, மரச்சாறும் கூட இறங்கும். அளவு மீறினால் கடுஞ்சாயத் தேநீர் போல வாய் இழுக்கும். மச்சானிடம் பார்படோஸ் அல்லது ஜமைக்கா, 12 வருடம் என்று சொல்லிவிடுங்கள். கையிலிருப்பதை வீணாக்காதீர்கள், ஐஸ் போட்டு அரைத் தேசிக்காய் பிழிந்தால் அந்த இனிப்பு அடங்கும்.