மிக்ஸி போட்டதும் மாஸ்ஃபெட் வெடித்தது ஏன்?

கேள்வி: 4047 ஐசி (அலை உண்டாக்குவது), இரண்டு ஐஆர்எஃப்இசட்44 மாஸ்ஃபெட் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் ஸ்விட்ச்), 12-0-12 (நடுவில் ஒரு முனை, இரு பக்கமும் 12 வோல்ட்) ஐந்து ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் வைத்து வீட்டுக்கு இன்வெர்ட்டர் செய்தேன் சார். பல்பு நன்றாக எரிகிறது, ஃபேன் உறுமுகிறது, மிக்ஸி போட்டதும் மாஸ்ஃபெட் படாரென்று போய்விட்டது. பேட்டரி 150 ஏ.எச்., பெரியதுதான். எங்கே தப்பு?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பேட்டரியில் தப்பே இல்லை, கேட்ட கரண்டை அது தயங்காமல் கொடுத்துவிட்டது, அதுதான் வினை. 500 வாட் மிக்ஸி என்றால் 500-ஐ 12-ஆல் வகுங்கள், 42 ஆம்பியர், சூடாகி வீணாவதையும் சேர்த்தால் 50-ஐத் தொடும், மோட்டார் கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு. உங்கள் டிரான்ஸ்பார்மர் ஐந்து ஆம்பியர்! மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் சுமார் 50 ஆம்பியர் என்று போட்டிருக்குமே என்பீர்கள், அது மாஸ்ஃபெட்டின் உடம்பு 25 டிகிரியில் இருந்தால்தான், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கை வைக்க முடியாமல் கொதிக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது.

இன்னொரு விஷயம், 4047-இல் ஒரு பக்கம் ஆஃப் ஆகிற அதே கணத்தில் மறுபக்கம் ஆன் ஆகும். மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் செய்யும் 'கேட்' முனையில் தேங்கிய சார்ஜைச் சட்டென்று காலி செய்யும் தெம்பு அந்த ஐசிக்குக் கிடையாது, அதனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஓடி, பேட்டரியையே ஷார்ட் செய்கின்றன. அதற்குப் பதில் எஸ்ஜி3525 ஐசி போடுங்கள், நடுவில் இடைவெளி விட அதில் வசதி உண்டு, ஓவர்லோட் ஆனால் நிறுத்துவதற்கும் தனி பின் இருக்கிறது.

ஃபேன் உறுமுவது உங்கள் இன்வெர்ட்டர் தருகிற சதுர அலையால், அதில் 50 ஹெர்ட்ஸுடன் 150, 250 எல்லாம் கலந்து வரும். ஈ.பி. கரண்ட் போல வழுவழுப்பாக ஏறி இறங்கும் சைன் அலைதான் மருந்து, ஈஜிஎஸ்002 போர்டு வைத்துச் செய்யலாம், ஆனால் அது அடுத்த கட்டம்.

இப்போதைக்கு இரண்டு ஃபேன், நான்கு எல்இடி பல்பு, ஒரு டிவி என்று 300 வாட்டுக்குள் நிறுத்துங்கள். 12 வோல்ட் பக்கம் 30 ஆம்பியர் வரும், அதற்கு 500 விஏ டிரான்ஸ்பார்மர், பக்கத்துக்கு இரண்டு ஐஆர்எஃப்3205, 10 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். டிரான்ஸ்பார்மரை ரீவைண்டிங் கடையில் 9-0-9 என்று சொல்லிச் சுற்றுங்கள், கடையில் விற்கிற 12-0-12-ஐத் திருப்பிப் போட்டால் லோடில் 230 கிடைக்காது. சட்னிக்கு கரண்ட் வரட்டும், இல்லாவிட்டால் அம்மிதான்.

கேள்வி: இன்வெர்ட்டர் அவுட்புட்டை வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி வீடு முழுக்க ஓட்டலாமா?
- அதே வாசகர்

பதில்: கூடவே கூடாது. மெயினை அணைக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் மீட்டர் வழியாகத் தெரு லைனுக்கு ஏறும், அங்குள்ள டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட் பக்கம் தூக்கிவிடும், கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். அப்புறம் ஈ.பி. கரண்ட் திரும்பி வந்தால் உங்கள் இன்வெர்ட்டரும் அந்த நொடியே காலி. சேஞ்ச்ஓவர் ரிலே (ஈ.பி., இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் ஸ்விட்ச்) போட்டு, ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனி லைன் இழுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.