மூளைக் கலம் ஏன் சாகுது? டொக்டரிடம் கேட்டவை

மஸ்கெலியாவிலிருந்து: டொக்டர், மாமாவுக்குப் பாரிசவாதம். மூளை இரத்தக் குழாய் அடைச்சது ஒரு இடத்துலதானாம். ரெண்டு நாளா பாதிப்பு கூடிக்கிட்டே போனது ஏன்?

அடைப்புக்கு நடுவில் இருக்கும் கலங்கள் சில நிமிடத்திலேயே போய்விடும் தங்கச்சி. மூளை உடம்பு எடையில் 2 வீதம்தான், ஆனால் சக்தியில் 20 வீதம் அதற்கே போகிறது, கையிருப்பு கிடையாது. இரத்தம் நின்றதும் சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நிற்கும், குளுட்டமேட் கொட்டும். வழக்கமாகக் கலத்துக்குக் கலம் சேதி சொல்லத் துளித்துளியாக விடும் பொருள் அது. அளவு மீறினால் பக்கத்துக் கலங்களுக்குள் கல்சியம் பாயும். அவற்றின் சொந்த நொதிகளே அவற்றின் புரதங்களை அறுக்கும். அந்தக் கலமும் தன் குளுட்டமேட்டைக் கொட்டிவிட்டுத்தான் சாகும்.

பிறகு வருவது அழற்சி. மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா செத்ததை அள்ள வந்து, நல்ல சுவரையும் சேர்த்து இடிப்பார்கள். அவர்கள் விடும் பொருட்களால், மிஞ்சிய குளுட்டமேட்டை உறிஞ்சும் துணைக் கலங்களும் சோர்ந்துவிடும். மாமாவுக்கு நாள் கணக்கில் கூடியதற்கு இதுவும் வீக்கமும் காரணமாக இருக்கலாம்.

தலவாக்கலையிலிருந்து: அப்ப குளுட்டமேட்டைத் தடுக்கிற மருந்து குடுத்தா என்ன சார்?

எலியில் நன்றாக வேலை செய்தது தம்பி, பாரிசவாதம் வந்த மனிதரில் தோற்றது. ஆள் ஆஸ்பத்திரி வந்து சேருவதற்குள் குளுட்டமேட் வெள்ளம் வடிந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக வருத்தம் தொடங்கியதிலிருந்து 4.5 மணித்தியாலம்தான், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு.

ஹட்டனிலிருந்து: அஜினமோட்டோவும் குளுட்டமேட்தானே?

ஆமாம். 1969இல் ஓல்னி என்ற ஆய்வாளர் அதைக் குட்டி எலிகளுக்கு ஊசியாக ஏற்றியபோது மூளைக் கலங்கள் செத்தன. பயம் அங்கிருந்து வந்தது. சாப்பாட்டில் போவதைப் பெரும்பாலும் குடலே செலவழிக்கிறது, மூளைக்குள் சுலபமாக நுழையவும் முடியாது. நான் பயப்படுவது உப்புக்கும் பாதியில் விட்ட பிரஷர் குளிசைக்கும்தான்.

பதுளையிலிருந்து: வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கலாமா?

பிரயோசனமில்லை அக்கா. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ். அடங்காத வலிப்பிலும் கலத்தைக் கொல்வது இதே குளுட்டமேட்தான்.

மஸ்கெலியா தங்கச்சி மறுபடியும்: லயத்துல எல்லாரும் பிளேன்டீ குடுத்துப் பார்த்தாங்க…

வாய் கோணியவருக்கு ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம், புரையேறும். அஸ்பிரினும் வேண்டாம், இரத்தக் கசிவா அடைப்பா என்று வீட்டில் தெரியாது. அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு எடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு துண்டில் எழுதி, கூடப் போகிறவர் கையில் கொடுங்கள்.