சந்தேகத்தைக் கொஞ்ச நாள் வைத்திருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வயது 34. ஷிப்டு வேலை. நிறையப் படிக்கவேண்டும், என்னை வளர்த்துக்கொள்ளவேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. கைபேசியில் நூற்றுக்கணக்கான பிடிஎஃப் நூல்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது உரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறேன். குறிப்பெடுக்க ஒரு செயலி, நல்ல பழக்கங்களைக் கணக்கு வைக்க ஒரு செயலி. இவ்வளவும் இருந்தும், சமீபத்தில் என்ன படித்தாய் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது இரண்டு நிமிடம்கூடப் பேச முடியவில்லை. ஆசையாகத் தொடங்கிய கம்பராமாயணம் நாட்டுப் படலத்தோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் இணையத்தை விட்டு விலகியும் பார்த்தேன். எட்டாம் நாள், விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்தேன். கைபேசியை விட்டொழிப்பதுதான் வழியா?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

விட்டொழிக்க வேண்டாம். உங்களால் முடியவும் முடியாது. ஷிப்டு மாற்றமும் வங்கிச் செய்தியும் அதில்தான் வருகின்றன. இணைய விரதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. விரதம் முடிந்தால் விருந்து என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். (அந்த விரதத்தைக் கற்றுத்தர இணையத்திலேயே கட்டண வகுப்புகள் நடப்பது தனி வேடிக்கை.)

மனவுறுதி இல்லாதவன் என்று உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். தள்ளத் தள்ளத் தீராமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பிற்பாடு அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். அதற்குமுன் பக்கம் ஓரிடத்தில் முடியும். மேலே போகலாமா, போதுமா என்று யோசிக்க ஒரு கணம் கிடைக்கும். அந்தக் கணம் போய்விட்டது. அறிவிப்பு ஒலிகளை அணைத்துவையுங்கள், படுக்கைக்குக் கைபேசியைக் கொண்டுபோகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியாயிற்று.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. கைபேசி நம் நேரத்தைத் தின்கிறது என்று ஓயாமல் பேசுகிறோம். அது நம் சந்தேகங்களையும் தின்றுவிடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு பாட்டு புரியவில்லை. உடனே தேடுகிறோம், பொருள் வருகிறது, இரவுக்குள் மறந்தும்போகிறது. அந்தச் சந்தேகம் ஒரு மணி நேரம்கூட நமக்குள் தங்கவில்லை. தங்காதது நம்மை என்ன செய்யும்?

உ.வே.சாமிநாதையர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். அதே ஆண்டு, அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று ஐயர் அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவரின் பட்டியல் சின்னதாகவா இருக்கும்? முதலியார் அசரவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

மேடைகளில் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிறது. ஐயருக்குக் கிடைத்த பிரதியில் நச்சினார்க்கினியரின் உரையும் இருந்தது. உரையாசிரியர் எங்கெங்கிருந்தோ வரிகளை மேற்கோள் காட்டிக்கொண்டே போகிறார், எந்த நூல் என்று சொல்வதில்லை. சமணச் செய்திகளும் ஐயருக்குப் பழக்கமில்லாதவை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். தமிழ்ப் புலவர்களே மறந்திருந்த சிந்தாமணி அங்கே பக்தியோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சமணம் பற்றிய ஐயங்கள் அங்கே தெளிந்தன. மேற்கோள் வரிகள் மட்டும் பிடிபடவில்லை. அவற்றை மனத்தில் சுமந்துகொண்டே இருந்தார். பிறகு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் சங்கநூல்களைப் பார்த்தபோது, அந்த வரிகள் எங்கிருந்து வந்தவை என்பது தெரிந்தது. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1894இல் புறநானூறு. விடை தெரியாத அந்த வரிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இத்தனையும் கல்லூரி வேலையைப் பார்த்துக்கொண்டே செய்தது.

இன்று அந்த வரிகளின் மூலத்தை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதை நான் குறைசொல்லவில்லை. ஐயர் இருந்திருந்தால் முதல் ஆளாகப் பயன்படுத்தியிருப்பார், அகராதி வரிசைப் பட்டியல்களைக் கையாலேயே தயாரித்து அல்லாடியவர் அல்லவா! ஆனால் அவர் கேட்டுத் தேடியிருப்பார். நீங்கள் எதையும் கேட்காமலே நூற்றுக்கணக்கில் இறக்கி வைத்திருக்கிறீர்கள். நண்பரின் முன்னால் வாயடைத்துப்போனதற்கு ஞாபகமறதி காரணமில்லை. அந்த நூல்களிடம் உங்களுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

பழக்கங்களை எண்ணும் செயலியை நீக்கிவிடுங்கள். எத்தனை பக்கம் படித்தீர்கள் என்பதை அது சொல்லும், எந்தப் பக்கத்தில் திகைத்து நின்றீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒன்றரை மடங்கு வேகம் செய்திக்கும் பேட்டிக்கும் சரி. பல பேச்சாளர்கள் விஷயத்தில் இரண்டு மடங்கே நியாயம். கவிதைக்கு ஆகாது.

கம்பனை நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டையும் பார்த்து மலைக்காதீர்கள். ஒரு ஷிப்டுக்கு ஒரு பாட்டு போதும். கைபேசியிலேயே படிக்கலாம், இணைய இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு. முதலில் வாய்விட்டு மூலத்தைப் படியுங்கள். புரியாததை ஒரு சின்ன நோட்டில் எழுதி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். லேத் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே சில தாமாகத் திறந்துகொள்ளும். திறக்காதவற்றுக்கு வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் உரையைப் பாருங்கள். அதற்கும் மசியாதவற்றை, உங்களைப் போலவே பாதியில் விட்ட ஒருவரைக் கண்டுபிடித்து அவரோடு வாதாடுங்கள். தொழிற்சாலையில் ஒருவராவது இருப்பார்.

அப்புறமும் மிஞ்சுவதை எனக்கு எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். உடனே பதில் வராது, அது வேண்டுமென்றேதான்.