சிறார் நாவல் சவால்: கேட்டவர்களுக்குப் பதில்

இந்த ஆண்டுச் சவால் எளிதுதான். 12 மாதம், 12 சிறார் நாவல். எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு எழுதப்பட்டவை. ஆங்கிலப் புத்தகக் கடைகளில் மிடில் கிரேடு என்று தனி அலமாரியில் இருக்குமே, அவை. படிக்க வேண்டியது பெரியவர்கள். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டால் சந்தோஷம். குறைந்தது நான்கு புத்தகம் தமிழில் இருக்க வேண்டும். ஒன்றில் விலங்கு கதை சொல்ல வேண்டும், ஒன்று வரலாற்றில் நடக்க வேண்டும், ஒன்று கவிதை வடிவில், ஒன்று படக்கதை. மீதி உங்கள் இஷ்டம்.

பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேச மாட்டேன். கையெழுத்துப் பயிற்சி, ஒலிம்பியாட் கைடு பற்றிக் கேட்காதீர்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: மேடம், எனக்கு 45 வயது. சின்னப் பிள்ளைகள் புத்தகத்தை நான் ஏன் படிக்க வேண்டும்?

கட்டாயமில்லை சார். ஆனால் ஒரே ஒரு புத்தகம் படித்துப் பாருங்கள். லூயிஸ் சாக்கர் 1998ல் எழுதிய 'ஹோல்ஸ்'. செய்யாத திருட்டுக்காக ஸ்டான்லி என்ற பையனை டெக்சாஸில் ஒரு வறண்ட ஏரிக்கு அனுப்புகிறார்கள். தினமும் ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால், அப்போதுதான் குணம் சீராகுமாம். வார்டன் அம்மாள் எதையோ தேடுகிறாள் என்பது நமக்கு மெல்லத்தான் பிடிபடும். நடுவே நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கொள்ளைக்காரியின் கதை வருகிறது, அதற்கும் முந்தைய ஒரு சாபத்தின் கதை வருகிறது. வெங்காயம், பீச் பழம், ஒரு பழைய தாலாட்டு என்று போகிறபோக்கில் சொன்னதெல்லாம் கடைசியில் வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். எழுதுகிற ஆசையுள்ள பெரியவர்கள் இதைக் கையில் பென்சிலோடு படிக்க வேண்டும்.

பெரியவர்கள் நாவலில் இருபது பக்கம் மழையை வர்ணித்தாலும் மரியாதைக்குப் படித்துவிடுவோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மரியாதை கிடையாது. புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விடும். அந்த வாசகரை உட்கார வைக்கத் தெரிந்தவர் எழுதியதைப் படிப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: என் மகனுக்கு 10 வயது. நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

வயது மட்டும் தெரிந்து புத்தகம் சொல்ல முடியாது சார். அவன் கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது? சிரிக்கப் பிடிக்குமா, பயப்படப் பிடிக்குமா? கிரிக்கெட்டா, ரயிலா, நாய்க்குட்டியா? இதைச் சொன்னால் நான் பொருத்தமாகச் சொல்வேன். ஒன்றுமே தெரியாவிட்டால் பீட்டர் பிரவுனின் 'தி வைல்ட் ரோபாட்' (2016). ஆளில்லாத தீவில் கரை ஒதுங்கும் ரோபாட் ஒரு வாத்துக் குஞ்சை வளர்க்கிறது. சின்னச் சின்ன அத்தியாயங்கள், நடுநடுவே படங்கள். சினிமா வந்துவிட்டது, புத்தகத்துக்கு முன்னால் அதைக் காட்டிவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: புத்தகக் கண்காட்சியில் உலக கிளாசிக் செட் மலிவாகக் கிடைத்தது. 'ட்ரெஷர் ஐலண்ட்' அரை மணியில் முடித்துவிட்டான்! சவாலில் சேர்க்கலாமா அக்கா?

சேர்க்க முடியாது. அது சுருக்கப் பதிப்பு. முழு நாவலில் 34 அத்தியாயம். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் ஜிம், வெளியே கப்பல் சமையல்காரர் சில்வர் பேசுவதைக் கேட்கிற இடம் ஒன்று உண்டு. அதுவரை அந்த ஆளை நமக்கும் பிடித்திருக்கும், அதனால்தான் உடம்பு சிலிர்க்கும். சுருக்குகிறவர் "சில்வர் கெட்டவன்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கதை மிஞ்சும், நாவல் போய்விடும். கடினமாக இருந்தால் முழுப் புத்தகத்தை நீங்களே படித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு வருடம் பொறுங்கள். வாங்கும்போது அட்டையிலும் உள்பக்கத்திலும் 'சுருக்கப்பட்டது' என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒருவர்: அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம். மகனுக்கு 11 வயது, ஆங்கிலம்தான் வாசிப்பான். அம்மம்மா ஏன் ஊரை விட்டு வந்தவா என்று கேட்கிறான். சொல்லத் தொடங்கினால் எனக்குக் கதைக்க வருகுதில்லை. இதற்கு ஏதும் புத்தகம் இருக்கோ?

உங்கள் ஊர்க் கதையே சிறார் நாவலாகக் கையில் கிடைத்தால் அதுதான் முதலில். அதுவரைக்கும் தான்ஹா லாயின் 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' கொடுத்துப் பாருங்கள். 2011ல் வந்தது. 1975ல் வியட்நாமின் சைகோன் விழுகிற நாட்களில் ஹா என்ற பத்து வயதுப் பெண் அம்மாவோடும் அண்ணன்களோடும் கப்பலேறுகிறாள். அப்பா போரில் காணாமல் போனவர். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. வீட்டுப் பின்புறம் அவள் நட்ட பப்பாளி மரத்தைக் காய் பழுக்கும் முன்பே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. வந்து சேர்வது அமெரிக்காவின் அலபாமா. ஊரில் கெட்டிக்காரியாக இருந்தவள் இங்கே வகுப்பில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியரும் பத்து வயதில் இப்படித்தான் வியட்நாமிலிருந்து அலபாமாவுக்குப் போனவர்.

முழுக்கச் சின்னச் சின்னக் கவிதைகள், அதனால் பக்கத்தில் நிறைய வெற்றிடம் இருக்கும். தடித்த புத்தகத்தைக் கண்டு மிரளும் பையன்களும் இதை முடித்துவிடுவார்கள். நீங்களும் வாசியுங்கள் தம்பி, ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பிரதி என்றாலும் பரவாயில்லை. அவன் பப்பாளி மரத்தைப் பற்றிக் கேட்டால், உங்கள் வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று அம்மம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். மற்றது தானாக வரும். சவாலில் கவிதை வடிவக் கட்டமும் நிறைந்துவிடும்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: மகள் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' தவிர எதையும் தொடுவதில்லை. எப்படி நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள். ஜெஃப் கின்னி அதை முதலில் பெரியவர்களுக்கென்றே நினைத்து எழுதினார், தெரியுமா? படமும் எழுத்தும் கலந்தது பிடித்திருக்கிறது என்றால் அடுத்து ஜெரி கிராஃப்டின் 'நியூ கிட்' கொடுங்கள். 2020ல் நியூபெரி பதக்கம் வாங்கியது, அமெரிக்காவில் சிறார் நூலுக்குக் கொடுக்கும் விருது. அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் படக்கதை நாவல் அதுதான்.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்: ஆடியோ புத்தகம் கணக்கில் வருமா?

வரும். 'ஷார்லட்ஸ் வெப்' கதையை, எழுதிய ஈ.பி. ஒயிட்டே தன் குரலில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ஓர் இடத்தில் தொண்டை அடைத்துத் திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டி வந்ததாம். எந்த இடம் என்பது ஆடியோவைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் சுருக்கப் பதிப்பு ஆடியோவும் விற்கிறார்கள். பார்த்து வாங்குங்கள்.

வேலூரிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 9 வயது. நல்ல புத்தகம்?

சென்னைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: மேடம், கோபமாகவே எழுதுகிறேன். போன வருடப் பட்டியலைப் பார்த்து 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சிநேகிதி செத்துப்போன பிறகு என் மகள் சாப்பிடாமல் அழுதாள். பிள்ளைகள் புத்தகத்தில் எதற்கு இதெல்லாம்?

கோபம் புரிகிறது அம்மா. ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன். நம் வீடுகளில் பிறந்தநாள் பரிசாகப் போகிற 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானியப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். போலியோ வந்த யாசுவாகியை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றிவிடுகிற இடத்தை எல்லோரும் சிலாகிப்போம். அந்தப் பையன் பிறகு இறந்துபோகிறான். அதை யாரும் புகாராகச் சொல்லிக் கேட்டதில்லை.

மதுரையிலிருந்து அதே அம்மா: அது நடந்த கதை. இது வேண்டுமென்றே அழவைக்கக் கட்டிய கதை.

இதுவும் நடந்ததிலிருந்து வந்ததுதான். 1974ல் கேத்தரின் பேட்டர்சனின் மகன் டேவிட்டுக்கு எட்டு வயது. அவனுடைய உயிர்த்தோழியும் அவன் வயதுக்காரி; மின்னல் தாக்கி இறந்துபோனாள். அந்தத் துக்கத்தில் அம்மா எழுதியது இந்த நாவல். 1978ல் நியூபெரி வாங்கியது. வளர்ந்தபிறகு அந்த மகனே 2007ல் வந்த படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்தார். அமெரிக்காவிலும் பல பள்ளிகளில் உங்களைப்போலவே பெற்றோர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் தனியாள் இல்லை. சிநேகிதியின் சாவு வந்த பிறகு கதையின் நாயகன் ஜெஸ் என்னென்ன செய்கிறான் என்று இன்னொரு முறை பாருங்கள். நம்ப மறுக்கிறான். அவள்மேலேயே கோபப்படுகிறான். பெரியவர்கள் தன்னைக் கவனிப்பதில் ஒரு நிமிடம் பெருமைகூட வருகிறது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் நேர்மையாகச் சொன்ன புத்தகங்கள் குறைவு.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு ஓய்வுபெற்றவர்: நாங்கள் வாண்டுமாமா, பூந்தளிர் என்று சந்தோஷமாகப் படித்தோம். இந்த அழுகை வியாபாரம் மேல்நாட்டுச் சரக்கு.

ஐயா, வாண்டுமாமாவை நானும் விழுந்து விழுந்து படித்தவள். ஆனால் நம் பாட்டிமார் நமக்கு நல்லதங்காள் கதை சொல்லவில்லையா? ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிறாள், ஒவ்வொன்றாக. அதைக் கேட்டுவிட்டுத்தான் நாம் எல்லோரும் தூங்கினோம். இதில் மேல்நாடு எங்கே வந்தது?

புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, இந்த மாதம் அதைத்தான் படிக்க எடுத்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து முடிவைச் சொல்லிவிட்டீர்கள்.

1977ல் வந்த புத்தகம் தம்பி. முடிவு தெரிந்தாலும் அந்த அத்தியாயம் உங்களை விடாது. படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: இந்த மாதிரிப் புத்தகத்தை வகுப்பில் படித்துக் காட்டலாமா? பிள்ளை தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தச் சண்டையில் உருப்படியான கேள்வி இதுதான் டீச்சர். முதலில் நீங்கள் கடைசிப் பக்கம்வரை படித்திருக்க வேண்டும். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுக் கொடுப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது. இந்தச் சவாலில் பெரியவர்களைப் படிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். வகுப்பில் யார் வீட்டிலாவது சமீபத்தில் சாவு நடந்திருந்தால் இப்போது வேண்டாம், வேறு புத்தகம் எடுங்கள். அந்த அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் படித்துவிட்டு மணியடித்து அனுப்பாதீர்கள். காலையில் படியுங்கள், அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகள் உங்கள் கண்முன் இருப்பார்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள் போதும். முக்கியமாக, படித்து முடித்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். அதற்குப் புத்தகத்தையே பிரிக்காமல் இருக்கலாம்.

மதுரையிலிருந்து அதே அம்மா: சரி மேடம். ஆனால் பட்டியலில் ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கலாம் அல்லவா?

போடலாம். அமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: தமிழில் நான்கு புத்தகத்துக்கு எங்கே போவது?

இருக்கின்றன. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியை வைத்து எழுதியது. 2023ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது, சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குக் கொடுக்கும் விருது. வரலாற்றுக் கட்டத்திலும் போட்டுக்கொள்ளலாம். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020ல் அதே விருது. தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று திணறும் பெற்றோர் முதலில் படிக்க வேண்டியது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா', 2025ல் விருது. நான்காவதாக வாண்டுமாமா ஏதாவது ஒன்று. திண்டுக்கல் ஐயாவும் சமாதானமாவார். 'டோட்டோ-சான்' தமிழில் நன்றாக இருக்கிறது, நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது. ஆனால் அது நினைவுக் குறிப்பு, நாவல் கணக்கில் வராது.

பெங்களூரிலிருந்து ஒருவர்: நியூபெரி வாங்கியவற்றை மட்டும் படித்தால் போதாதா?

போதாது. 1922லிருந்து கொடுக்கிறார்கள், ஆனால் அமெரிக்காவில் குடியுரிமையோ குடியிருப்போ உள்ளவர்களுக்கு மட்டும். அதனால் பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்டு டாலுக்கு ஒன்றுகூடக் கிடையாது. மேலும் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் நூலகர்கள், பிள்ளைகள் அல்ல. நூலகராகவே சொல்கிறேன், எங்களை முழுக்க நம்பாதீர்கள்.

நெல்லையிலிருந்து ஒருவர்: விலங்கு சொல்லும் கதை?

'தி ஒன் அண்ட் ஒன்லி ஐவன்'. கொரில்லா சொல்கிறது. நிஜ ஐவன் அமெரிக்காவின் டகோமா நகரத்து வணிக வளாகம் ஒன்றில் கூண்டில் 27 வருடம் இருந்தது. மதுரை அம்மாவுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை: இதிலும் ஒரு சாவு உண்டு.

ஓசூரிலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு 10 வயது. நல்ல புத்தகம்?

மேலே.

சென்னையிலிருந்து ஒருவர்: ஹாரி பாட்டர் ஏழும் சேருமா?

முதல் மூன்று. பிறகு பையனும் வளர்ந்துவிட்டான், புத்தகமும் தடித்துவிட்டது.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: ஒவ்வொரு புத்தகத்துக்கும் 20 கேள்விகளோடு ஒர்க் ஷீட் தயாரித்திருக்கிறேன். எல்லோருக்கும் அனுப்பட்டுமா மேடம்?

வேண்டாம் சார்.

மதுரையிலிருந்து வேறொருவர்: இத்தனையும் வாங்க முடியாது. இரவல் கிடைக்குமா?

கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். பிள்ளையை அலமாரிப் பக்கம் விட்டுவிட்டு நீங்கள் வேறு பக்கம் போங்கள். எடுத்ததைத் திருப்பி வைக்கச் சொல்லாதீர்கள்.