சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது? அயனிகளின் மின்சுமை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள் இருந்தும் ஏன் ஒன்றை மட்டும் இழக்கிறது? வெளிக்கூட்டில் எட்டு வேண்டும் என்று அது விரும்புகிறதா?

பதில்: அணுவுக்கு விருப்பு வெறுப்பெல்லாம் கிடையாது, எல்லாம் ஆற்றல் கணக்குதான். முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். இரண்டாவதற்கு 4562! அது கருவுக்கு நெருக்கமான உள்கூட்டில் இருக்கிறது. அயனிகள் (எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள்) சேர்ந்து உப்புப் படிகமாகும்போது வெளிவரும் ஆற்றல் முதல் செலவை ஈடுகட்டிவிடும், இரண்டாவதற்குக் கட்டுப்படியாகாது. இன்னொன்று, அந்த 496-ம் செலவுதான். சோடியம் எலக்ட்ரானைத் தானாக உதறுவதாக எழுதுவது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: சார், தனிம அட்டவணையைப் பார்த்தே மின்சுமையைச் சொல்லிவிடலாமா?

பதில்: ஓரங்களில் சொல்லலாம். 1, 2 தொகுதிகளுக்கு 1+, 2+. ஆக்சிஜனுக்கு 2−, குளோரினுக்கு 1−. நடுவே போனால் இந்தக் குறுக்குவழி கைவிட்டுவிடும்.

கேள்வி: இரும்புக்கு ஏன் 2+, 3+ என இரண்டு?

பதில்: முதலில் போவது 4எஸ் என்ற வெளித் துணைக்கூட்டில் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள். (நிரப்பும்போதும் 4எஸ்தான் முதலில், எடுக்கும்போதும் அதுவேதான். தேர்வில் பலர் வழுக்குவது இங்கேதான்.) மூன்றாவது அதற்கு உள்ளே இருக்கும் 3டி துணைக்கூட்டிலிருந்து வருகிறது. செலவு 762, 1562, 2957 என ஏறத்தாழ இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. சோடியத்தில் கண்ட ஒன்பது மடங்குத் தாவல் இல்லை. அதனால் எதில் நிற்கும் என்பதைச் சூழல் முடிவுசெய்கிறது. இரும்பு 2+ கரைசலைக் காற்றுப்பட வைத்தால் மெல்ல 3+ ஆகும்.

கேள்வி: அப்படியானால் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு 7+ அயனியாக இருக்கிறதா?

பதில்: இல்லை. அது ஆக்சிஜனேற்ற எண். பிணைப்பு எலக்ட்ரான்கள் முழுவதையும் ஆக்சிஜன் கணக்கில் எழுதினால் மாங்கனீசுக்கு +7 வரும், அவ்வளவுதான். ஏழு எலக்ட்ரான்கள் உண்மையில் பறிபோகவில்லை. மொத்த பெர்மாங்கனேட் அயனியின் மின்சுமை 1−. எழுதும்போதே பிரித்துக் காட்டுங்கள்: அயனிக்கு எண் முதலில் (2+), ஆக்சிஜனேற்ற எண்ணுக்குக் குறி முதலில் (+2).

கேள்வி: மெர்குரஸ் அயனிக்கு 2+ என்கிறார்கள், பாதரசத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணோ +1. எது சரி?

பதில்: இரண்டும் சரி. இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே அயனி அது. 2+ இரண்டுக்கும் பொது. அதனால்தான் மெர்குரஸ் குளோரைடு வாய்பாட்டில் இரண்டு பாதரசம், இரண்டு குளோரின். ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கக் கூடாது.